காது கேட்கும் மெஷின்: இரைச்சல் புரோகிராமில் குரல் அமுங்குகிறது, ஆட்டோ புரோகிராமில் கூட்டம் அமுக்குகிறது. எதை மாற்றச் சொல்வது?

நீலக்கல்:

வணக்கம் நண்பர்களே. இரண்டு காதுக்கும் ரிசீவர் (சின்ன ஸ்பீக்கர்) காதுக்குள் இருக்கும் வகைக் காது மெஷின் போட்டிருக்கிறேன். என் ஆடியோகிராம் (எந்தத் தொனியில் எவ்வளவு கேட்பு இழப்பு என்று காட்டும் சோதனை வரைபடம்) சுருக்கமாக: 1000 ஹெர்ட்ஸ் வரை 20-25 டெசிபல், 2000-இல் 45, 4000-இல் 65. இரண்டு காதும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். டோம், அதாவது காதுக்குள் போகும் ரப்பர் முனை, திறந்த வகை.

இடத்துக்கேற்பத் தானாக மாறும் ஆட்டோ, இரைச்சலில் பேச்சு, இசை, வெளியிடம் என்று நான்கு புரோகிராம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அமைதியான அறையில் ஆட்டோ அருமை, ஒரு குறையும் இல்லை. பத்துப் பேர் கூடிப் பேசும் இடம்தான் பிரச்சினை. ஆட்டோவில் எல்லாம் கேட்கிறது, யார் பேசுவதும் புரியவில்லை. இரைச்சல் புரோகிராமுக்கு மாற்றினால் அறையே சட்டென்று அடங்குகிறது. அந்த நிமிடம் ஆறுதலாக இருக்கும். ஆனால் எதிரில் இருப்பவர் குரலும் கூடவே அமுங்கிப் போகிறது. ச, த, ப எல்லாம் தேய்ந்து, வார்த்தையின் நடுப்பகுதி மட்டும் வந்து சேர்கிறது. பக்கத்தில் இருப்பவர் என்னைக் கூப்பிட்டால் கூப்பிட்டதே தெரிவதில்லை.

அதே இடத்தில் இசை புரோகிராமையும் போட்டுப் பார்த்தேன். குரல் மனிதக் குரலாகவே கேட்டது. அரை மணி நேரத்தில் தலை கனத்துவிட்டது.

மெஷினை அமைத்துத் தரும் ஆடியாலஜிஸ்டிடம் போய் "தெளிவில்லை" என்றால் மேல்தொனியைக் கூட்டுகிறார். "கூச்சலாக இருக்கிறது" என்றால் அதையே குறைக்கிறார். சரியான கேள்வியோடு போனால்தான் சரியான மாற்றம் கிடைக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் கூட்டத்தில் எந்த செட்டிங்கில் இருக்கிறீர்கள்? தெளிவு, ஒலித்தரம் இரண்டும் சேர்ந்து கிடைக்க வழி உண்டா?

அலைவரிசை:

நீலக்கல், "இரைச்சலில் பேச்சு" என்ற பெயருக்குள் குறைந்தது நான்கு மாற்றங்கள் ஒன்றாக நடக்கின்றன. மைக்கின் திசை மாறுகிறது, நாய்ஸ் ரிடக்ஷன் (இரைச்சலைக் குறைப்பது) கூடுகிறது, அடித்தொனியின் கெயின் (மெஷின் ஒலியைக் கூட்டித் தரும் அளவு) இறங்குகிறது, சில மாடல்களில் கம்ப்ரஷனும் (மெல்லிய ஒலியை அதிகமாகவும் உரத்த ஒலியைக் குறைவாகவும் கூட்டுவது) மாறுகிறது. இந்த மூட்டையை மொத்தமாக ஆட்டோவோடு ஒப்பிட்டால் எது உதவியது, எது குரலைக் கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது. பிரித்துப் பாருங்கள்.

மைக்கிலிருந்து தொடங்குகிறேன். மெஷினின் மேற்புறத்தில் இரண்டு சின்ன ஓட்டைகள் இருக்கும், இடைவெளி ஒரு சென்டிமீட்டர் அளவுதான். பின்னாலிருந்து வரும் ஒலி பின் மைக்கை முதலில் தொடும். அந்த சிக்னலைத் துளி நேரம் தாமதித்து முன் மைக்கின் சிக்னலிலிருந்து கழித்தால் பின்பக்க ஒலி அடங்கும், முன்பக்கம் தங்கும். டைரக்ஷனல் மைக் என்பது இதுதான். பேச்சுக்கும் இரைச்சலுக்கும் உள்ள வித்தியாசத்தை நிஜமாகவே கூட்டித் தருவது இந்த ஒரு பகுதி. அறை சாதகமாக இருந்தால் 3 முதல் 5 டெசிபல் கிடைக்கும். குறைவாகத் தோன்றலாம். ஆனால் பேச்சு பாதி புரிந்து பாதி புரியாத அந்த எல்லையில், 1 டெசிபல் கூடினாலே வாக்கியம் புரிவது ஏறக்குறைய 10 சதவீதம் ஏறும். 3 டெசிபல் என்பது உரையாடலில் இருப்பதற்கும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கும் உள்ள தூரம்.

நாய்ஸ் ரிடக்ஷன் வேறு ஜாதி. அது ஒலியைத் தொனிவாரியாகப் பல சேனல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்கிறது. பேச்சு அசைக்கு அசை ஏறி இறங்கும், நொடிக்கு நான்கைந்து முறை. மின்விசிறி, ஏசி, இன்ஜின் சத்தம் அப்படி அசையாது. அசையாத சேனலில் கெயினைக் குறைத்துவிடும். அந்தச் சேனலுக்குள் பேச்சும் இருந்தால் பேச்சும் சேர்ந்து இறங்கும். அப்புறம், கூட்ட இரைச்சலே மனிதக் குரல்களால் ஆனதுதானே? அங்கே எதைக் குறைப்பது என்று அது தடுமாறும். காதுக்கு இதமும் களைப்புக் குறைவும் இதனால் கிடைக்கும், உண்மை. வார்த்தைகள் அதிகம் புரிவது பெரும்பாலும் இதனால் அல்ல.

உங்களுக்கு "அறை அடங்கியது" என்ற ஆறுதலைத் தருவதும், ச, த, ப-வைத் தேய்ப்பதும் ஒரே ஆள்தான் என்று சந்தேகப்படுகிறேன். உங்கள் ஆடியாலஜிஸ்டிடம் இரண்டு இரைச்சல் புரோகிராம் கேளுங்கள். இரண்டிலும் டைரக்ஷனல் மைக் ஒரே மாதிரி, கெயின் ஒரே மாதிரி. ஒன்றில் நாய்ஸ் ரிடக்ஷன் மிகக் குறைவு, மற்றதில் இப்போதுள்ள அளவு. வேறு எதையும் தொட வேண்டாம். ஒரே இடத்தில், ஒரே நாற்காலியில், ஒரே ஆளோடு பேசிக்கொண்டே மாற்றிப் பாருங்கள். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து ஒப்பிடுவது வேலைக்கு ஆகாது, காது அவ்வளவு நேரம் ஒலியை ஞாபகம் வைத்துக்கொள்ளாது.

வேப்பமரம்:

அலைவரிசை சொன்னதில் ஒன்றை மட்டும் நான் மறுக்கிறேன். நாய்ஸ் ரிடக்ஷனைக் குறைக்கச் சொல்வது எல்லாருக்கும் பொருந்தாது.

எனக்கு இரண்டு காதிலும் 70-80 டெசிபல் இழப்பு, காது அளவெடுத்துச் செய்த மோல்டு. வேலையிடத்தில் நாள் முழுக்க இயந்திரச் சத்தம். நாய்ஸ் ரிடக்ஷனை உச்சத்தில் வைக்காத நாட்களில் சாயங்காலம் யாரிடமும் பேசும் தெம்பு இருக்காது, மெஷினைக் கழற்றி வைத்துவிடத் தோன்றும். கழற்றி வைத்த மெஷினில் தெளிவு எவ்வளவு இருந்து என்ன? உச்சத்தில் வைத்தால் குரல் கொஞ்சம் மங்குகிறது, ஆனால் இரவு வரை காதிலேயே இருக்கிறது. களைப்பைக் குறைப்பதை இரண்டாம்பட்சமாகப் பேசாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கவனிப்பதற்குச் செலவாகும் சக்தி மிச்சமானால்தான் வீட்டில் இருப்பவர்களோடு பேச ஏதாவது மிஞ்சும்.

அலைவரிசை:

ஒப்புக்கொள்கிறேன், அண்ணா. இயந்திரச் சத்தம் அசையாத சத்தம், நாய்ஸ் ரிடக்ஷன் மிக நன்றாக வேலை செய்யும் இடமே அதுதான். நீலக்கல் கேட்டது பத்துப் பேர் பேசும் அறை. இரண்டும் வேறு வேறு இரைச்சல் என்பதால் விடையும் வேறாகிறது. கேட்கும் தெம்பைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி.

பழையரேடியோ:

ஒலித்தரம் பற்றி நான் சொல்கிறேன். தினமும் வாத்தியம் வாசிக்கிறவன் என்பதால் இதில் எனக்கு விட்டுக்கொடுக்க முடியாது.

நீலக்கல், இசை புரோகிராமில் குரல் ஏன் மனிதக் குரலாக இருந்தது என்றால், அதில் பெரும்பாலும் எல்லாமே அணைந்திருக்கும். நாய்ஸ் ரிடக்ஷன் இல்லை, மைக் எல்லாத் திசையும் எடுக்கும், ஃபீட்பேக் கட்டுப்பாடு (மெஷின் விசிலடிக்காமல் தடுப்பது) தளர்ந்திருக்கும், கம்ப்ரஷன் மெதுவாக இருக்கும். இதில் கடைசியாகச் சொன்னதை யாரும் கவனிப்பதில்லை. நம் காதுக்குக் கேட்கும் எல்லை சுருங்கிவிட்டதால் மெஷின் மெல்லிய ஒலியை நிறையவும் உரத்த ஒலியைக் கொஞ்சமாகவும் கூட்ட வேண்டியிருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் கூட்டிக் குறைக்கிறது என்பதில்தான் ஒலித்தரம் இருக்கிறது. வேகமான கம்ப்ரஷன் ஒவ்வொரு அசைக்கும் கெயினை ஏற்றி இறக்கும். மெல்லிய மெய்யெழுத்துகள் மேலே வரும், நல்லது. ஆனால் எதிரில் இருப்பவர் மூச்சு விடும் அந்த இடைவெளியில் பின்னணி இரைச்சலையும் மேலே தூக்கிவிடும். கூட்டத்தில் "எல்லாம் ஒரே உயரத்தில் கேட்கிறது" என்று சொல்கிறவர்கள் இதைச் சொல்லிப் பார்க்கலாம். மெதுவான கம்ப்ரஷன் ஒரு நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டு நிதானமாக நகரும், உரத்தது உரத்ததாகவும் மெல்லியது மெல்லியதாகவும் இருக்கும். குரலில் உயிர் இருக்கும். விலை என்னவென்றால், திடீரென்று மெல்லப் பேசுகிறவரைத் தவற விடலாம்.

எது நல்லது என்பதற்கு ஒரே விடை கிடையாது, ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஆனால் பல மெஷின்களில் ஏதோ ஒரு பெயரில் இந்த அமைப்பு இருக்கும், இருந்தால் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். "மெதுவான கம்ப்ரஷனோடு ஒரு புரோகிராம் வேண்டும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

இசைக்காரர்களுக்கு இன்னொன்று. பேச்சின் உச்சம் 85 டெசிபலைச் சுற்றி இருக்கும், நேரடி இசையின் உச்சம் 100-ஐ எளிதாகத் தாண்டும். 16 பிட் மெஷினின் மொத்த வீச்சே 96 டெசிபல். உள்ளே நுழையும்போதே உச்சம் வெட்டுப்பட்டால் அப்புறம் எந்த செட்டிங்கை மாற்றினாலும் அந்தக் கரகரப்பு போகாது. வெளியே வரும் ஒலியைக் குறைத்துப் பயனில்லை, உள்ளே வருவதைக் குறைக்க வேண்டும்: மேடையிலிருந்து தள்ளி உட்காருங்கள், வீட்டில் ஸ்பீக்கரின் ஒலியைக் குறைத்து மெஷினின் ஒலியைக் கூட்டுங்கள். நீண்ட சுரத்தில் நடுக்கம் கேட்டால் அது ஃபீட்பேக் கட்டுப்பாடு. நீடித்து ஒலிக்கும் சுரத்தை விசில் என்று நினைத்து அழிக்கப் பார்க்கிறது. இசை புரோகிராமில் அதை அணைக்கவோ தளர்த்தவோ சொல்லுங்கள். மேல்தொனியைக் கீழே இறக்கிக் கொடுக்கும் வசதி இருந்தால் இசைக்கு அதையும் அணையுங்கள், சுருதி பிசகும்.

கேட்பொலி:

நான் ஆடியாலஜிஸ்ட். மேலே சொன்னவை பெரும்பாலும் சரி. ஆனால் நீலக்கல் எழுதியதில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அவர் கடைசியாகச் சொன்ன விவரம்: திறந்த டோம்.

திறந்த டோமில் காதுக்குழாய் அடைபடுவதில்லை. அடித்தொனி ஒலிகள் மெஷினைத் தொடாமலேயே நேராக உள்ளே போகின்றன. கூட்ட இரைச்சலின் பெரும்பங்கு அடித்தொனியில் இருக்கிறது, உங்களுக்கோ அடித்தொனியைக் கேட்கும் திறன் கிட்டத்தட்ட இயல்பாக இருக்கிறது. ஆக, டைரக்ஷனல் மைக்கும் நாய்ஸ் ரிடக்ஷனும் என்ன பாடுபட்டாலும் அந்தப் பகுதியை அவற்றால் தொட முடியாது. அவை கை வைக்கக்கூடியது மேல்தொனியில் மட்டும். அங்கேதான் உங்கள் ச-வும் த-வும் இருக்கின்றன. இரைச்சல் புரோகிராம் உங்களிடம் குறைப்பது உங்களுக்குத் தேவையான பகுதியை. வேண்டாத பகுதி குறையாமல் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. நீங்கள் விவரித்த அனுபவம் இதற்கு அப்படியே பொருந்துகிறது.

இன்னொரு விளைவும் உண்டு. மெஷின் ஒலியைக் கையாண்டு வெளியிட 5 முதல் 8 மில்லி விநாடி எடுத்துக்கொள்கிறது. திறந்த டோமில் நேராக வந்த ஒலியும் தாமதமாக வந்த ஒலியும் காதுக்குள் கலக்கும். சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், குழாய்க்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். இந்தத் தாமதத்தை அரை மில்லி விநாடிக்கும் கீழே இறக்கிய புரோகிராம் வைடெக்ஸ் நிறுவனத்தின் மொமெண்ட் மாடலில் 2020-இல் வந்தது. ஒலி இயல்பாக இருக்கிறது என்று அதை விரும்புகிறவர்கள் பலர். இரைச்சலில் பேச்சுக்கு அது ஏற்றதல்ல, அமைதியான இடத்துக்கானது.

என் பரிந்துரை: புரோகிராமைத் தொடுவதற்கு முன் மூடிய டோமையோ சின்னத் துளையுள்ள மோல்டையோ சில வாரம் போட்டுப் பாருங்கள். டோம் மாற்றினால் மென்பொருளிலும் அதைப் பதிந்து, கெயினைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும். டோமை மட்டும் மாற்றிவிட்டு வந்தால் ஒலி தாறுமாறாக இருக்கும்.

அதோடு, காதுக்குள் மெல்லிய குழாய் மைக் வைத்துச் செய்யும் ரியல் இயர் அளவீடு உங்களுக்குச் செய்தார்களா? ஆடியோகிராமிலிருந்து எவ்வளவு கெயின் வேண்டும் என்று கணக்கிட ஆஸ்திரேலியாவின் நேஷனல் அக்கூஸ்டிக் லேபரட்டரீஸ் உருவாக்கிய என்ஏஎல்-என்எல்2 போன்ற சூத்திரங்கள் இருக்கின்றன. மென்பொருள் முதல் தடவை தானாகப் போடும் அமைப்பு, நிஜக் காதில் அளந்தால், மேல்தொனியில் இலக்கைவிடக் குறைவாக இருப்பது அடிக்கடி நடக்கிறது. ஒவ்வொரு காதுக்குழாயும் ஒரு அளவு, அதனால் அளந்தால்தான் தெரியும். அடிப்படைக் கெயின் குறைவாக இருக்கும்போது எந்த இரைச்சல் புரோகிராமும் கைகொடுக்காது.

நீலக்கல்:

கேட்பொலி மேடம், மிக்க நன்றி. இந்த விளக்கம் யாரும் எனக்குச் சொன்னதில்லை. ரியல் இயர் அளவீடு செய்யவில்லை. கணினியில் இணைத்து, பீப் சத்தம் கேட்கவைத்து, அவ்வளவுதான்.

ஒரு பயம். ஆரம்பத்தில் மூடிய டோம் போட்டபோது என் குரலே பானைக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருந்தது, மெல்லும் சத்தம் மண்டைக்குள் இடித்தது. அதனால்தான் திறந்த டோமுக்கு வந்தேன். திரும்பவும் அதே அவஸ்தையா?

கேட்பொலி:

நியாயமான பயம். பேசும்போது நம் குரல் எலும்பு வழியாகக் காதுக்குழாய்க்குள் அடித்தொனியாக வந்து சேர்கிறது. குழாய் திறந்திருந்தால் வெளியே கசிந்துவிடும், அடைத்தால் உள்ளேயே தேங்கி முழங்கும். 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே நன்றாகக் கேட்கும் திறன் இருப்பவர்களுக்கு இது அதிகம் உறுத்தும்.

இதில் எனக்குத் தெரிந்து முழு வெற்றி யாருக்கும் இல்லை, நடுவில் ஓர் இடத்தைப் பிடிக்க வேண்டும். ஒன்றிரண்டு சிறு துளை உள்ள டோம், 1 முதல் 2 மில்லிமீட்டர் வென்ட் (காற்றுத் துளை) வைத்த மோல்டு என்று படிப்படியாக இறங்கிப் பார்க்கலாம். காதுக்குள் ஆழமாக, எலும்புப் பகுதி வரை போகும் மோல்டு முழக்கத்தைக் குறைக்கும், ஆனால் எல்லார் காதுக்கும் அது தாங்காது. சிக்னியா மெஷின்களில் சொந்தக் குரலை மட்டும் அடையாளம் கண்டு குறைக்கும் வசதி உண்டு. கேட்டுப் பாருங்கள். அவசரப்பட்டு ஒரே நாளில் தீர்ப்பு எழுத வேண்டாம். சொந்தக் குரலுக்குப் பழகச் சில வாரமாவது வேண்டும்.

மூலைமேசை:

செட்டிங் பற்றிப் பேசுகிறோம், எங்கே உட்காருவது என்று யாரும் சொல்லவில்லையே. நான் எங்கே போனாலும் முதுகைச் சுவருக்குக் கொடுத்து மூலையில் உட்காருவேன். பின்னாலிருந்து சத்தம் வராது. பல வருடமாக எல்லாருக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

அலைவரிசை:

மூலைமேசை, இதை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். டைரக்ஷனல் மைக் அடக்குவது பின்னாலிருந்து வருவதை. சுவருக்கு முதுகைக் கொடுத்தால் அது அடக்க அங்கே ஒன்றுமில்லை. உங்கள் நண்பர் முன்னால், அவருக்குப் பின்னால் மொத்தக் கூட்டமும் முன்னால். மைக் இரண்டையும் சேர்த்தே வரவேற்கும். டைரக்ஷனல் புரோகிராமில் இருப்பவர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, சுவர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து அமர வேண்டும். அப்போதுதான் அந்த 3-5 டெசிபல் கைக்கு வரும்.

மூலைமேசை:

அப்படியா? ஆனால் நான் சொன்னபடி உட்கார்ந்து எனக்கு எப்போதும் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. எல்லாத் திசை மைக்கில்தான் இருப்பேன், புரோகிராம் மாற்றும் பழக்கம் இல்லை.

கேட்பொலி:

அதனால்தான் உங்களுக்கு அது சரிப்பட்டது. எல்லாத் திசை மைக்கோடு மூலையில் உட்கார்ந்தால் ஒரு பக்க இரைச்சலாவது குறையும். டைரக்ஷனல் மைக்கோடு அலைவரிசை சொன்ன இருக்கை. இரண்டு யோசனையும் சரி, ஒன்றின் இருக்கையில் மற்றதன் புரோகிராமைப் போடுவதில்தான் நஷ்டம்.

தூரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிரொலிக்கும் கூடத்தில் பேசுகிறவர் நான்கைந்து மீட்டர் தள்ளிப் போய்விட்டால் அவர் குரலே சுவரில் பட்டு எல்லாத் திசையிலிருந்தும் வரத் தொடங்கும். அப்போது மைக்குக்கு முன், பின் என்று பிரிக்க எதுவும் இருக்காது. திரைச்சீலை, தரைவிரிப்பு இருக்கும் அறை, கண்ணாடிச் சுவர் அறையைவிட எப்போதும் நல்லது.

பக்கத்தில் இருப்பவர் கூப்பிட்டால் தெரியவில்லை என்று நீலக்கல் எழுதியிருந்தார். நிலையான டைரக்ஷனலில் அது எதிர்பார்த்ததுதான். இரண்டு மெஷினும் பேசிக்கொண்டு நான்கு மைக்கையும் சேர்த்துக் கேட்கும் திசையைக் குறுகிய கற்றையாக்கும் மாடல்களில் இன்னும் அதிகமாக இருக்கும். எந்தப் பக்கத்திலிருந்து ஒலி வருகிறது என்று கணிப்பதும் அதில் மங்கும். ஒருவரோடு மட்டும் பேசும்போது குறுகிய கற்றை, மூன்று நான்கு பேர் இருக்கும் மேசையில் அகலமான கற்றை என்று இரண்டு படி வைத்துக்கொள்ளலாம்.

தும்பைப்பூ:

எல்லாரும் இவ்வளவு எழுதியதைப் படித்தேன், நன்றி. என் அப்பாவுக்கு 78 வயது. நான்கு புரோகிராம் போட்டுக் கொடுத்தார்கள். எந்தப் புரோகிராமில் இருக்கிறோம் என்றே அவருக்குத் தெரிவதில்லை. புரோகிராம் மாறும்போது வரும் பீப்களை எண்ண மறந்துவிடுகிறார், காலையில் இரைச்சல் புரோகிராமில் போய் நின்று மாலைவரை அதிலேயே இருக்கிறார். வீட்டில் நான் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆப் எல்லாம் அவரால் ஆகாது. இந்த மாதிரி இருப்பவர்களுக்கு என்ன செய்வது?

வேப்பமரம்:

தங்கச்சி, ஆட்டோ ஒன்று மட்டும் போதும் என்று சொல்லிவிடுங்கள். மற்ற மூன்றையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். பட்டன் ஒலி கூட்டவும் குறைக்கவும் மட்டும் இருக்கட்டும். எந்தப் புரோகிராமில் எத்தனை மணி நேரம் இருந்தார் என்று மெஷினே பதிந்து வைக்கும், ஆடியாலஜிஸ்ட் கணினியில் பார்க்கலாம். அதைக் காட்டியே பேசுங்கள், அப்பாவைக் குறுக்குக் கேள்வி கேட்க வேண்டியதில்லை.

கேட்பொலி:

இதையே நானும் சொல்லியிருப்பேன். ஆட்டோ சூழலைப் புரிந்துகொண்டு மாறச் சில நொடிகள் எடுக்கும், சில மாடல்களில் இன்னும் கூடுதலாக. அந்தப் பொறுமை மட்டும் வேண்டும். ஆட்டோவுக்குள்ளேயே "இரைச்சல் வந்தால் எவ்வளவு தூரம் போகலாம்" என்று எல்லை வைக்க முடியும். அப்பாவுக்கு அந்த எல்லையை அவர் அதிகம் இருக்கும் அறையை மனதில் வைத்து அமைக்கச் சொல்லுங்கள். நீங்களும் அவர் முன்னால் வந்து, முகம் தெரியப் பேசுங்கள். உதட்டைப் பார்ப்பது இரைச்சலில் எந்த செட்டிங்குக்கும் குறையாத உதவி.

வெள்ளிநூல்:

புது மெஷின்களில் ஏஐ வந்துவிட்டது, இனி புரோகிராமே வேண்டாம் என்கிறார்களே? மாற்றினால் பலன் இருக்குமா?

அலைவரிசை:

பாதி சரி. பழைய நாய்ஸ் ரிடக்ஷன் ஒரு சேனல் அசைகிறதா இல்லையா என்று மட்டும் பார்த்தது. பெருமளவு ஒலிப்பதிவுகளைக் கொடுத்துப் பயிற்றுவித்த நியூரல் நெட்வொர்க் பேச்சு எப்படி இருக்கும் என்று கற்றுக்கொண்டு அதைப் பிரித்தெடுக்கப் பார்க்கிறது. ஓட்டிக்கான் நிறுவனத்தின் மோர் மாடல் 2021-இல் இதை மெஷினுக்குள்ளேயே கொண்டுவந்தது. 2024-இல் வந்த ஃபோனாக் ஆடியோ ஸ்ஃபியர் இன்ஃபினியோவில் இந்த வேலைக்கென்றே தனிச் சிப் இருக்கிறது, அது ஓடும்போது பேட்டரி சீக்கிரம் இறங்கும். பழைய வகையால் முடியாததை, அதாவது கூட்டக் குரல்களுக்கு நடுவிலிருந்து ஒரு குரலை மேலே எடுப்பதை, இந்த வகை ஓரளவு செய்கிறது. ஆனால் திறந்த டோம் வழியாக நேராக உள்ளே வரும் இரைச்சலை எந்த சிப்பாலும் தடுக்க முடியாது. புது மெஷின் வாங்கும் எண்ணம் இருந்தால், உங்கள் டோமோடு, உங்களுக்குக் கஷ்டமான இடத்துக்கே எடுத்துப் போய்ச் சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள். கிளினிக் அறையில் எல்லா மெஷினும் நன்றாகத்தான் கேட்கும்.

வேப்பமரம்:

புது மெஷினுக்கு முன்னால், குரலை வயரில்லாமல் நேராக மெஷினுக்கு அனுப்பும் ரிமோட் மைக் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள் என்று நான் சொல்வேன். பேசுகிறவர் சட்டையில் குத்திக்கொண்டால் போதும். தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் குரல் 6 டெசிபல் கூடும். 120 சென்டிமீட்டரில் இருப்பவரின் வாயிலிருந்து 15 சென்டிமீட்டரில் மைக் இருந்தால் மூன்று முறை பாதி, 18 டெசிபல். டைரக்ஷனல் மைக் தரும் 3-5 எங்கே, இது எங்கே! கூச்சம்தான் தடை. முதலில் எனக்கும் பிறரிடம் கொடுக்கச் சங்கடமாக இருந்தது, இப்போது மேசையில் உட்கார்ந்ததும் கொடுத்துவிடுகிறேன். இதுவரை யாரும் மறுத்ததில்லை.

பழையரேடியோ:

அதில் ஒலித்தரம் தொலைபேசி மாதிரி வரும் மாடல்களும் உண்டு, முன்பே கேட்டுப் பார்த்து வாங்குங்கள். பேச்சுக்கு வேப்பமரம் சொல்வதற்கு மறுபேச்சில்லை.

கேட்பொலி:

நீலக்கல், இன்னொன்று சேர்க்க வேண்டும். ஆடியோகிராம் ஒன்றாக இருக்கும் இரண்டு பேருக்கு இரைச்சலில் புரிவது ஒன்றாக இருக்காது. குவிக்சின் என்ற சோதனையில் வாக்கியங்களைப் பின்னணிப் பேச்சோடு கொடுத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 25 டெசிபலிலிருந்து 5, 5 ஆகக் குறைத்து 0 வரை கொண்டுவருவார்கள். இயல்பான காதைவிட எவ்வளவு கூடுதல் டெசிபல் உங்களுக்குத் தேவை என்பது அதன் விடை. 3-க்குள் இருந்தால் இயல்பு, 3 முதல் 7 வரை லேசானது, 7 முதல் 15 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. அது ஆங்கிலச் சோதனை. உங்கள் மொழியில் இரைச்சலோடு செய்யும் வாக்கியச் சோதனை இருக்கிறதா என்று கேளுங்கள். லேசான அளவு வந்தால் டைரக்ஷனலும் சரியான டோமும் போதும். 10, 12 என்று வந்தால் எந்தப் புரோகிராமாலும் அந்த இடைவெளியை நிரப்ப முடியாது, ரிமோட் மைக்தான். இது தெரியாமல் ஆப்பில் நகர்த்திக்கொண்டே இருப்பதில்தான் பலருக்கு நம்பிக்கை தேய்ந்துபோகிறது.

நீலக்கல்:

எல்லாருக்கும் நன்றி. வேறு ஆடியாலஜிஸ்டிடம் போய் வந்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், பின்னால் படிக்க வருகிறவர்களுக்கு உதவும்.

ரியல் இயர் அளவீடு செய்தார்கள். 3000 ஹெர்ட்ஸுக்கு மேல் இரண்டு காதிலும் இலக்கைவிட நன்றாகவே குறைவு. அதை முதலில் சரிசெய்தார்கள். இரைச்சல் சோதனையில் எனக்கு லேசான வகைதான் வந்தது, கேட்டதும் பெரிய நிம்மதி. டோமை இரண்டு சிறு துளை உள்ளதாக மாற்றினோம். சொந்தக் குரல் முதல் வாரம் உறுத்தியது, இப்போது மெல்லும்போது மட்டும் கொஞ்சம் தெரிகிறது, தாங்கிக்கொள்கிறேன்.

அலைவரிசை சொன்னபடி இரண்டு இரைச்சல் புரோகிராம் வாங்கி வந்தேன். நெரிசலான உணவகத்தில், கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மாற்றி மாற்றிக் கேட்டேன். நாய்ஸ் ரிடக்ஷன் குறைவாக உள்ளதில் தட்டு, கரண்டிச் சத்தம் கூடுதலாகத்தான் இருக்கிறது. ஆனால் ச, த, ப திரும்பி வந்துவிட்டன. எதிரில் இருந்த நண்பரைத் திரும்பச் சொல்லச் சொன்னது வெகு குறைவு. அதிக நாய்ஸ் ரிடக்ஷன் புரோகிராமை அழிக்கவில்லை. பேச ஆள் இல்லாமல் காத்திருக்கும்போதும் பயணத்திலும் அதற்கு மாறிக்கொள்கிறேன். வேப்பமரம் அண்ணா சொன்ன தெம்பு விஷயம் உண்மை.

மெதுவான கம்ப்ரஷனையும் கேட்டு வாங்கினேன். குரல் அழகாக இருக்கிறது. மெல்லப் பேசும் உறவினர் ஒருவரை மட்டும் அதில் பிடிக்க முடியவில்லை, அவரோடு பேசும்போது ஆட்டோ. இது இன்னும் முடிவாகவில்லை.

தீராதது ஒன்று இருக்கிறது. கார் ஓட்டும்போது பக்கத்து இருக்கையில் இருப்பவர் பேசுவது எந்த இரைச்சல் புரோகிராமிலும் சரிவரவில்லை. ஜன்னலைத் திறந்தால் காற்று மைக்கில் அடித்து ஒன்றுமே கேட்பதில்லை.

கேட்பொலி:

மகிழ்ச்சி, நீலக்கல். காரில் உங்கள் முகம் சாலையைப் பார்க்கிறது, டைரக்ஷனல் மைக்கும் கண்ணாடியைத்தான் கேட்கும், பேசுகிறவர் பக்கவாட்டில். அங்கே எல்லாத் திசை மைக்கோடு நாய்ஸ் ரிடக்ஷனைக் கூட்டி ஒரு புரோகிராம் கேளுங்கள். டயரும் இன்ஜினும் அசையாத சத்தம், அதனால் இங்கே அது பேச்சைக் கெடுக்காமல் உதவும். பக்கம், பின்பக்கம் என்று பேச்சு வரும் திசைக்குத் திரும்பும் வசதி உங்கள் மாடலில் இருந்தால் இன்னும் நல்லது. காற்று, இரண்டு மைக்கையும் கழித்துப் பார்க்கும் டைரக்ஷனல் முறையில் பல மடங்கு பெரிதாகிவிடும். எல்லாத் திசைக்கு மாறினாலே பாதி குறையும், விண்ட் அடக்கும் வசதியையும் அந்தப் புரோகிராமில் உச்சத்தில் வைக்கச் சொல்லுங்கள். உங்கள் "வெளியிடம்" புரோகிராமில் மைக் எந்த முறையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பல நேரம் அதைக் கொஞ்சம் மாற்றினாலே கார் புரோகிராம் ஆகிவிடும்.